வாவியின் இரு கரைகளும் ஒரு மடிகணினியும்

சமாதான உடன்படிக்கை நடைமுறையில் இருந்த காலத்தில், மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு வழியாகப் படுவான்கரைக்குச் சென்றவர்கள் இரண்டு சோதனைச்சாவடிகளோடு இரண்டு நேரங்களையும் கடக்கவேண்டியிருந்தது. இராணுவத்தின் சாவடியில் காலை பத்து மணி என்றால், அதற்கப்பால் புலிகளின் நிர்வாகப் பகுதியில் ஒன்பதரை.

இளைய வாசகர்களுக்கு இது புதினமாக இருக்கலாம். 1996ஆம் ஆண்டு வரட்சியினால் நீர்மின் தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு நீண்டபோது, பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்கவென்று அரசாங்கம் அவ்வாண்டு மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்திலிருந்து 6 மணித்தியாலம் முந்தியதாயிற்று. புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரை மணி வேறுபாடே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை அடுத்து, அரசாங்கமும் பழைய நேரத்துக்கே திரும்பியது. பத்தாண்டுகளாக இரண்டாக இருந்த நேரம் ஒன்றாகிய அதே ஆண்டில்தான் போர் மீண்டும் மூண்டது.

இந்த அரை மணித்தியாலக் கதையை இப்போது எழுதத் தூண்டியது ஒரு பழைய மடிகணினி. படுவான்கரையைச் சேர்ந்த மென்பொருள் பொறியியலாளர் ஒருவர், தாம் மாணவராக இருந்தபோது நிரலெழுதப் பழகிய கருவியை அண்மையில் எனக்குக் காட்டினார். மின்னூட்டியைச் சொருகி ஆளியை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் தோன்றியது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் நாம் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். தவறினால் கருவி தானாகவே முதலாவதைத் தெரிவு செய்துகொள்ளும். "ஐயா, ரெண்டுக்குள்ளயும் மாறிமாறிப் போய்வந்தா மணி பிழைச்சுப் போயிரும். அதத் திருத்துறதுதான் முதல் வேலை" என்றார். எனக்கு உடனே வவுணதீவுச் சாவடிதான் நினைவுக்கு வந்தது.

கணினிக்குள் இந்த நேரப் பிணக்கு ஏன் வருகிறது என்று கேட்டு அறிந்துகொண்டேன். மின்சாரம் இல்லாத வேளையிலும் சிறு மின்கலத்தின் உதவியால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் உண்டு. 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஏ.டி.' வகைக் கணினி முதல் வந்த வழக்கம் இது. அக்காலத்து டொஸ் இயங்குதளம் அக்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்தது. அதன் வாரிசான விண்டோசும் அப்படியே செய்கிறது. யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ உலகப் பொது நேரத்தையே கடிகாரத்தில் வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்தைக் கூட்டிக்கொள்ள விரும்பும். இரண்டும் ஒரே கருவியில் குடியிருந்தால் ஒன்று எழுதிவைத்ததை மற்றது பிழையாக வாசிக்கும். லினக்ஸ் திருத்திவிட்ட கடிகாரத்தை விண்டோஸ் திறந்து பார்த்தால், இலங்கையில் 2006 ஏப்ரல் வரை ஆறு மணித்தியாலம் பிந்திக் காட்டும். அதன்பின் ஐந்தரை மணித்தியாலம். இந்தப் பழைய நேரத்துக்குத் திரும்பிய வேளையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் நேரப் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயருக்கு நேரே ஆறு மணி என்றுதான் போட்டிருந்தது. புதிய திருத்தம் கைக்குக் கிடைக்கும்வரை, சரியான நேரம் வேண்டியவர்கள் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்ற வரியைத் தெரிவு செய்ய நேர்ந்தது. அரசியல் மேடைகளில் எவரும் துணிந்து சொல்லியிராத யோசனை.

கடிகாரம் பிழைத்தால் என்ன, திருத்திக்கொண்டால் போயிற்று என்று என்னைப் போன்றோர் எண்ணலாம். நிரலெழுதுவோருக்கு அது அவ்வளவு இலேசான விடயமன்று. எழுதிய நிரலைத் தொகுக்கும் கருவிகள், எந்தக் கோப்பு எப்போது மாற்றப்பட்டது என்பதைப் பார்த்தே எதை மீண்டும் தொகுப்பது என்று தீர்மானிக்கின்றன. நேற்று மாலை தொகுத்துப் பெற்ற கோப்பு நாளைய திகதியைச் சுமந்துகொண்டு நின்றால், கருவி குழம்பிப் பழையதையே வைத்துக்கொள்ளும். திருத்தியும் ஏன் திருந்தவில்லை என்று இரவிரவாகத் தேடியவர்கள் பலர்.

இத்தனை தொல்லைக்கும் மத்தியில் ஒரே கருவியில் ஏன் இரண்டு இயங்குதளங்கள்? மேலைநாடுகளில் இதை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம். நமது பகுதியில் அது தேவையினால் பிறந்தது என்பதே என் துணிபு.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. நகரமும் பாடசாலைகளும் அலுவலகங்களும் எழுவான்கரையில். வயலும் கால்நடையும் படுவான்கரையில். மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வவுணதீவு இவ்விரண்டுக்கும் இடையிலான வாசற்படி. தெற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்கு மண்முனைத் துறையில் 'பாதை' ஏறவேண்டும். மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் மட்டக்களப்பில் பாதை என்போம். அங்கே பாலம் திறக்கப்பட்டது 2014இல். படுவான்கரையின் பல கிராமங்களுக்கு மின்சாரம் போர் முடிந்த பின்னர்தான் வந்தது. மேசைக் கணினியை அங்கே எடுத்துச் சென்று பயனில்லை. நகரத்தில் மின்னேற்றி, வாவியைக் கடந்து கொண்டுவந்து, மின்கலம் தீரும்வரை பாவிக்கக்கூடிய மடிகணினியே உதவியது. அப்படி ஒரு மடிகணினி வாய்ப்பதே அருமை. இரண்டாவது கருவி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஒரு கருவியை இரண்டு உலகங்கள் கேட்டன. தட்டச்சு வேலை, அச்சகம், பத்திரிகை, அரச அலுவலகம், அரசசார்பற்ற நிறுவனம் எல்லாம் விண்டோசில் இயங்கின. கையில் உழைப்பு வரவேண்டுமானால் அது வேண்டும். மென்பொருள் கற்பதற்கோ லினக்ஸ் கைகொடுத்தது. இணையத்தளங்களைத் தாங்கும் வழங்கிகள் பெரும்பாலும் அதில்தான் இயங்கின. தொகுப்பிகள், தரவுத்தளம், பி.எச்.பி. போன்ற நிரல்மொழிகள் யாவும் அதனோடு இலவசமாக வந்தன. விண்டோசில் இதே வசதிகளை விலைகொடுத்து வாங்க எந்த மாணவனாலும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்பு அளித்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் நடைபாதைக் கடைகளில் கிடைத்த இறுவட்டுகள் அந்தச் சட்டத்தை வாசித்ததாகத் தெரியவில்லை.

லினக்ஸ் இலவசம் என்றாலும் அதை வவுணதீவுக்குக் கொண்டுவருவது எப்படி? தொலைபேசி வழி இணைப்பில் 700 மெகாபைட் இறுவட்டு ஒன்றைத் தரவிறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாவிட்டாலும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அறுந்துபோகாத இணைப்பை நான் கண்டதில்லை. இவ்விடத்தில்தான் உபுண்டு செய்த காரியம் பெரிது. 2004 ஒக்டோபரில் முதற்பதிப்பை வெளியிட்ட அத்திட்டம், 2005 முதல் 2011 வரை, கேட்டவருக்கெல்லாம் இறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து தந்த இயங்குதளம் என்று அந்தப் பொறியியலாளர் பெருமையாகச் சொன்னார். 2006 நடுப்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து அதே இறுவட்டை, வன்தட்டில் எதையும் தொடாமல் இயக்கிப் பார்க்கவும் பிடித்தால் நிறுவிக்கொள்ளவும் முடிந்தது.

கட்டற்ற மென்பொருளின் பயனை இலங்கை முழுவதும் கண்டுகொண்டது ஒரு துயரத்தின் வழியாக. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. வாவி குறுக்கே கிடந்ததனால் படுவான்கரை தப்பியது. காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்கென்று இலங்கை மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கியதே 'சஹானா'. லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த அது முழுக்க லினக்ஸ் வழங்கியையும் கட்டற்ற கருவிகளையும் நம்பி எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலத் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதும் அதற்கே. அதைப் பயன்படுத்தியவர்களோ பெரும்பாலும் விண்டோசில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தவர்கள். எழுதுவது ஒரு தளத்தில், பார்க்கப்படுவது மறு தளத்தில் என்ற நிலை நம் மாணவர்களுக்கும் அதுதான். லினக்ஸில் அழகாகத் தெரியும் பக்கம் விண்டோசில் எப்படி உடைகிறது என்று பார்ப்பதற்காக, கருவியை அணைத்து மீண்டும் தொடக்கவேண்டும். மின்கலத்தில் ஓடும் மடிகணினிக்கு ஒவ்வொரு மறுதொடக்கமும் செலவு.

இனி வன்தட்டின் கதை. ஒரு தட்டை எல்லையிட்டுப் பிரித்துப் பல இயங்குதளங்களைக் குடியமர்த்தும் ஏற்பாடு, 1983இல் ஐ.பி.எம்.மின் எக்ஸ்.டி. கணினியோடும் டொஸ் இரண்டாம் பதிப்போடும் வந்தது. தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் நான்கு பிரிவுகளின் எல்லைக் குறிப்புக்கு, மிஞ்சிய 2 பைட்டுகள் அடையாளத்துக்கு. காணி உறுதியின் முதற் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸுக்கும் பிற தளத்துக்கும் இடையே வழிகாட்டும் 'லிலோ' 1992இலும் அதை விஞ்சிய 'கிரப்' 1995இலும் தோன்றின. இவை அந்த 446 பைட்டுகளில் கால்வைத்துக்கொண்டு, உள்ளே வேறு குடியும் உண்டு என்பதை மதித்தன. விண்டோசுக்கு அந்த மரியாதை கிடையாது. வைரஸ் தொற்றி விண்டோசை மீள நிறுவினால், அது முதற் பக்கத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். லினக்ஸ் அழிந்துவிடாது, அதற்குப் போகும் வாசல் மூடப்பட்டுவிடும். படுவான்கரை வாசிகளுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை.

வாசல் இருந்தாலும் பண்டம் கொண்டுபோவது வேறு பிரச்சினை. விண்டோஸ் எக்ஸ்பி பாவித்த என்.டி.எப்.எஸ். முறையிலான பிரிவை லினக்ஸால் வாசிக்க முடிந்தது; நம்பிக்கையோடு எழுத முடியவில்லை. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக, பழைய பாட்32 முறையில் மூன்றாவது பிரிவொன்றை ஒதுக்கி, கோப்புகளை அங்கே வைத்து மாற்றிக்கொண்டனர். நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. 2007 தொடக்கத்தில் என்.டி.எப்.எஸ்.-3ஜி என்ற மென்பொருள் நிலையான பதிப்பாக வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வாவியின் மேற்குக் கரை முழுவதும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாய் தலையணையோடு எழுவான்கரை முகாம்களுக்குப் பெயர்ந்ததும் அதே 2007இன் முற்பகுதியில். கணினி வரலாற்றின் திகதிகளை நமது நாட்குறிப்போடு வைத்துப் பார்த்தால் இப்படித்தான் வருகிறது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு மிக நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. கோப்பு கடந்து போனாலும் அதிலுள்ள தமிழ் கடந்து போகவில்லை.

இலங்கைத் தமிழ் அச்சுத்துறையில் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கும் முறை. விண்டோசில் பாமினி நிறுவப்பட்டிருக்கும்வரை 'தமிழ்' என்று தெரிவது, அது இல்லாத லினக்ஸ் பிரிவில் திறந்தால் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். 1991இலேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 அதை ஆதரித்தது. எக்ஸ்பியிலோ கட்டுப்பாட்டகத்தில் ஒரு பெட்டியைத் தெரிவு செய்து மூல இறுவட்டையும் போடவேண்டும். ஆயினும் செய்தியறைகள் பல்லாண்டுகள் பாமினியையும் பேஜ்மேக்கரையும் விடவில்லை. விடாததில் நியாயமும் இருந்தது: பக்கம் இரவு பத்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும், பழகிய விரல்களுக்குப் புதிய விசைப்பலகை பழக்க எவருக்கும் நேரமில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 2002 பெப்ரவரி 22 உடன்படிக்கை, வவுணதீவுச் சாவடித் திறப்பு, 2004 மார்ச் பிளவு, ஆழிப்பேரலை, 2006-2007 இடப்பெயர்வு என்று இந்தக் கரையின் மிக நெருக்கடியான ஆண்டுகள் அனைத்தும் எழுதப்பட்டது அந்த முகமூடி எழுத்தில். அதை எழுதியவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். உயிரைப் பணயம் வைத்துத் திரட்டிய செய்திகள் அச்சுத்தாளில் எஞ்சியிருந்தால் உண்டு. தேடக்கூடிய எழுத்தாக இல்லை. எனது அக்காலக் குறிப்புகள் முழுவதும் பாமினியில், பேஜ்மேக்கர் கோப்புகளில் கிடக்கின்றன. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றுவிட்டது. அதைத் திறப்பதற்கென்றே பழைய எக்ஸ்பி பிரிவொன்றை அழியாமல் காத்து வைத்திருப்போர் என்னோடு பணியாற்றியவர்களுள் சிலர் உண்டு.

பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் வந்தன. சுரதா யாழ்வாணன் இணையத்தில் இட்ட மாற்றியைப் பாவிக்காத ஈழத்து வலைப்பதிவர் அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கலாயிற்று. அதன் தொடக்குநர்களுள் ஒருவரான மு. மயூரன், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் விடாது எழுதியவரும் ஆவார். இவையெல்லாம் பெருங்காரியங்கள். ஆனால் மாற்றிகளுக்கு ஒரு பள்ளம் உண்டு. பாமினியில் 'கொ' என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யுனிகோடில் ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. இந்த வரிசை மாற்றத்தை எளிதில் செய்துவிடலாம். சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் ஔகாரத்தின் சிறகும் ளகரமும் ஒரே எழுத்து. கொம்புக்குப் பின் ஒரு மெய்யும் அதன் பின் ளகரமும் வந்தால் அது 'வௌ' என்பதா, 'வெள' என்பதா என்று கருவிக்குத் தெரியாது. 'தெளிவு' என்பது 'தௌிவு' ஆவதும், 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆவதும் இப்படித்தான். அரச அறிவித்தல்களிலும் செய்தித் தளங்களிலும் இந்த ஒட்டுமுகங்களை வாசகர்கள் நாள்தோறும் கண்டிருப்பீர்கள்.

இரட்டைத் தளத்துக்கான தேவை இன்று பெரிதும் குறைந்துவிட்டது. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த பாதுகாப்பான தொடக்கம், அடையாளச் சான்று இல்லாத தளத்தை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தது. 2016இல் மைக்ரோசொப்ட் தானே விண்டோசுக்குள் லினக்ஸுக்கு ஓர் அறை ஒதுக்கியது. இப்போது நிரலெழுதுவோர் பலர் மறுதொடக்கம் என்பதையே மறந்துவிட்டனர். பழைய முறையில் இருந்தவர்களுக்கு 2024 ஓகஸ்டில் ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு வந்து, பலரின் லினக்ஸ் வாசலை மீண்டும் பூட்டியது. அதற்கு நிரந்தரத் திருத்தம் வந்தது 2025 மே மாதத்தில். 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் முடிவுக்கு வந்ததனால், புதிய பதிப்பை ஏற்காத பழைய மடிகணினிகள் நம் வீடுகளில் மறுபடியும் லினக்ஸுக்கு மாறுகின்றன. நிறுவும்போது தட்டை முழுவதும் அழிக்கவா, பக்கத்தில் இடம் ஒதுக்கவா என்று அது கேட்கும். முழுவதும் அழித்தால் வேகம் கூடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அழிப்பதற்கு முன் அந்தத் தட்டில் பேஜ்மேக்கர் கோப்பு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பொறியியலாளர் எனது கோப்புகளில் ஒரு பகுதியை எடுத்துச் சென்று மாற்றித் தந்துள்ளார். 2011 ஜனவரியில் மாவட்டம் முழுவதும் நீரில் மிதந்தபோது எழுதிய செய்திகளைத் தேடுவதற்காக 'வெள்ளம்' என்று தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. 'வௌ்ளம்' என்று பிழையாகத் தட்டினேன். எல்லாம் வந்தது. ஔகாரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தும் சிறு நிரல் ஒன்றை இப்போது அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். ளகரம் தொடரும் சொற்களின் பட்டியல் ஒன்று கேட்டிருக்கிறார். இதுவரை முந்நூறு சொற்கள் எழுதியிருக்கிறேன்.